செம்மரம்: மரம் நம்மளுது, லைசென்ஸ் யாருது?



எங்க பக்கம் இப்போ எந்த நர்சரிக்குப் போனாலும் முதல்ல காட்டுறது செம்மரக் கன்னுதான். "ஏக்கருக்கு நானூறு கன்னு வைங்க, இருபது வருஷம் தொடாதீங்க, அப்புறம் உக்காந்து சாப்பிடலாம்"னு சொல்றாங்க. மானாவாரி நிலத்துல கடலை போட்டு, மழை ஏமாத்தி, களை எடுக்க ஆள் கிடைக்காம நொந்துபோனவங்களுக்கு இந்தப் பேச்சு தேனா இனிக்கும். தப்புச் சொல்ல முடியாது. தண்ணி அதிகம் கேக்காத மரம், வறட்சியிலயும் நிக்கும்.

ஆனா கன்னு விக்கிறவர் சொல்லாத விஷயம் ஒண்ணு இருக்கு. நெல்லை அறுத்தா களத்துமேட்டுக்கே வியாபாரி வந்துடுவார். தேக்கை வெட்டினா உள்ளூர் மரக்கடைக்காரர் வாங்கிப்பார். செம்மரத்துக்கு உள்ளூர்ல அப்படி ஒரு சந்தையே இல்லை. அதோட பெரிய விலை எல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம், சீனாவுலயும் ஜப்பான்லயும் இருக்கு. கடலைத் தாண்டணும்னா டெல்லியில ஒரு லைசென்ஸ் வேணும். ஆக, இந்த மரத்தோட மதிப்புல பாதி வைரத்துல இருக்குன்னா, மீதிப் பாதி காகிதத்துல இருக்கு.

மரத்தைப் பத்தி எழுதினவங்க நிறைய பேர். அந்தக் காகிதம் எப்படி வந்துச்சு, யார் கையில எல்லாம் இருந்துச்சுங்கிற வரலாற்றை இந்தப் பதிவுல பார்க்கலாம். நடப்போறவங்களும் சரி, ஏற்கெனவே நட்டுட்டு நிக்கிறவங்களும் சரி, தெரிஞ்சு வெச்சுக்க வேண்டிய கதை இது.

நம்ம மலையை விட்டா வேற எங்கயும் இல்லை

செம்மரம், செஞ்சந்தனம், ரத்த சந்தனம்னு நாம பல பேர்ல கூப்பிடுறோம். தெலுங்குல எர்ர சந்தனம். பேர்ல சந்தனம் இருந்தாலும் வாசனை கிடையாது. சந்தனத்துக்கு இது சொந்தக்கார மரமும் இல்லை. வேங்கை மரத்தோட வகையறா. நம்ம வீட்டுல எல்லாருக்கும் தெரிஞ்ச செம்மரம் மரப்பாச்சி பொம்மைதான். குழந்தை கையில கொடுப்பாங்க, கடிச்சாலும் கெடுதல் இல்லைன்னு சொல்லுவாங்க. கொலுவுல முதல் படியில வைப்பாங்க. அந்தப் பொம்மையவே கல்லுல உரசி வீக்கத்துக்குப் பத்துப் போட்ட பாட்டிகளும் உண்டு.

உலகத்துல இந்த மரம் தானா வளர்ற இடம் ரொம்பச் சின்னது. கிழக்குத் தொடர்ச்சி மலையோட தென்பகுதி, அதாவது திருப்பதி சேஷாசலம், பாலகொண்டா, லங்கமலை, வெலிகொண்டா மலைகள். பழைய கணக்குல சொன்னா சித்தூர், கடப்பா, நெல்லூர், கர்னூல், பிரகாசம் மாவட்டங்கள். அதை ஒட்டி நம்ம தமிழ்நாட்டு எல்லையில கொஞ்சம். அவ்வளவுதான். கல்லும் கரடுமா இருக்கிற, வெயில் கொளுத்துற மலைச்சரிவுல மெதுவா வளர்ந்து வைரம் பாயும். வைரம் பாய்ஞ்ச கட்டை தண்ணியில போட்டா முழுகும். அந்த எடைக்கும் சிவப்புக்கும்தான் காசு.

சாயக்கட்டை போன காலம்

கப்பல் ஏத்துற சரக்குல முத்திரை குத்துறது நமக்குப் புதுசு இல்லை. காவிரிப்பூம்பட்டினத்துல சோழ அரசோட புலி முத்திரையைப் பொதிகள் மேல குத்தி, சுங்கம் வாங்கிட்டு அனுப்பினதைப் பட்டினப்பாலை சொல்லுது. ஆனா அந்த முத்திரையோட நோக்கம் வரி. காசு கட்டினா சரக்கு போகலாம். "இந்தச் சரக்கு போகலாமா, கூடாதா, எத்தனை டன் போகலாம்"னு கேக்கிற முத்திரை ரொம்பப் பிந்தி வந்தது.

ஐரோப்பியக் கம்பெனிகள் சோழமண்டலக் கரையில வியாபாரம் பண்ணப்போ செம்மரமும் கப்பல் ஏறுச்சு. அப்போ அதுக்கு மரவேலைக்கான மரம்ங்கிற மதிப்பை விட சாயக்கட்டைங்கிற மதிப்புதான் அதிகம். கட்டையைச் சீவி எடுக்கிற சிவப்புச் சாயத்தை ஐரோப்பாவுல துணிக்குப் போட்டாங்க. கடப்பா மலையில இருந்து வண்டி கட்டிக் கொண்டு வந்த கட்டை மதராஸ் துறைமுகத்துல இருந்து போச்சு.

1856-ல இங்கிலாந்துல பெர்கின்ங்கிற இளைஞர் தார்ல இருந்து கிடைக்கிற பொருளை வெச்சு செயற்கைச் சாயம் கண்டுபிடிச்சார். அதுக்கப்புறம் ஒவ்வொரு இயற்கைச் சாயமா விழுந்துச்சு. அவுரி விழுந்த மாதிரியே செம்மரச் சாயமும் மதிப்பிழந்தது. இதே நேரத்துல காடு அரசாங்கச் சொத்தா மாறுச்சு; 1882-ல மதராஸ் வனச் சட்டம் வந்தது. அதுவரைக்கும் மலையில விறகு பொறுக்கினவங்க, மேய்ச்சலுக்குப் போனவங்க எல்லாரும் அனுமதி கேக்க வேண்டிய ஆளா மாறினாங்க.

சாயம் போன பிறகு மரத்தைக் காப்பாத்தினது ஜப்பானும் சீனாவும்தான். ஜப்பான்ல சமிசென்னு ஒரு தந்தி வாத்தியம் இருக்கு, நம்ம வீணை மாதிரி அவங்களுக்குப் பாரம்பரியமானது. அதோட கழுத்துப் பகுதிக்குக் கனமான, வளையாத கட்டை வேணும். அதுக்குச் செம்மரம் போச்சு. சீனாவுல மிங், சிங் அரச வம்சங்கள் காலத்துல இருந்தே கருஞ்சிவப்புக் கட்டையில செஞ்ச நாற்காலியும் மேசையும் அந்தஸ்தோட அடையாளம். அங்க பணக்காரங்க பெருகப் பெருக, இங்க சேஷாசலத்துல கோடாலிச் சத்தமும் பெருகிச்சு.

சந்தனம் சொல்லிக்கொடுத்த பாடம்

நடுவுல சந்தன மரத்தைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லியே ஆகணும். ஏன்னா செம்மரத்துக்கு என்ன நடக்கும்னு அது முன்னாடியே காட்டிடுச்சு.

மைசூர்ல திப்பு சுல்தான் 1792-ல சந்தனத்தை அரச மரமா அறிவிச்சார்னு சொல்லுவாங்க. அதுக்குப் பிறகு வந்த ஆட்சிகளும் அதையே பிடிச்சுக்கிட்டாங்க. மரம் உன் நிலத்துல முளைச்சிருந்தாலும் அது உன்னுது இல்லை. ஆனா காணாம போனா பதில் சொல்ல வேண்டியது நீ. விவசாயி என்ன பண்ணுவான்? பறவை எச்சத்துல இருந்து முளைச்ச சந்தனக் கன்னை விரல் உயரத்துலயே பிடுங்கிப் போட்டுடுவான். நம்ம ஊர்ப் பெரியவங்க இதை நேராவே சொல்லுவாங்க: "சந்தனம் முளைச்சா போலீஸ் முளைச்ச மாதிரி."

விளைவு என்ன ஆச்சு? பட்டா நிலத்துல சந்தனம் இல்லாமலே போச்சு. இருந்தது காட்டுல மட்டும். காட்டுல இருந்ததை வீரப்பன் மாதிரி ஆளுங்க வெட்டினாங்க. ரெண்டாயிரத்தை ஒட்டித்தான் கர்நாடகாவும் தமிழ்நாடும் சட்டத்தைத் திருத்தி, பட்டா நிலத்துச் சந்தனம் நிலத்துக்காரருக்குச் சொந்தம்னு ஒத்துக்கிட்டாங்க. இரண்டு நூற்றாண்டுப் பாடம்.

லைசென்ஸ் ஆபீஸ் வந்த கதை

இப்போ ஏற்றுமதி லைசென்ஸுக்கு வருவோம். இந்த ஏற்பாடே யுத்தத்துல பிறந்தது. இரண்டாம் உலகப்போர் நடக்கும்போது, 1940 வாக்குல, வெள்ளைக்கார அரசு இந்தியப் பாதுகாப்பு விதிகளைக் காட்டி எது உள்ளே வரலாம், எது வெளியே போகலாம்னு கட்டுப்பாடு போட்டுச்சு. கப்பல்ல இடம் கம்மி, அந்நியச் செலாவணி கம்மி, ராணுவத்துக்குச் சரக்கு வேணும். அன்னிக்கு அது நியாயம்.

போர் முடிஞ்சுது. கட்டுப்பாடு முடியலை. 1947-ல இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. முதல்ல சில வருஷத்துக்குன்னு போட்ட சட்டம், நீட்டி நீட்டி 1992 வரைக்கும் ஓடுச்சு. லைசென்ஸ் கொடுக்கிறவருக்கு இறக்குமதி ஏற்றுமதித் தலைமைக் கட்டுப்பாட்டாளர்னு பேர். பேரைப் பாருங்க, கட்டுப்பாட்டாளர்! பெரிய கம்பெனிக்காரங்க டெல்லியில இதுக்குன்னே ஆள் வெச்சிருந்தாங்க. லைசென்ஸ் ராஜ்னு ராஜாஜி கிண்டல் பண்ணின காலம் அது.

1991 பொருளாதார மாற்றத்துக்குப் பிறகு அந்த ஆபீஸ் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம்னு பேர் மாத்திக்கிட்டது. 1992-ல புதுச் சட்டமும் வந்தது. பெரும்பாலான பொருளுக்குக் கதவு திறந்துச்சு. இன்னிக்கு எந்தச் சரக்கா இருந்தாலும் அந்த இயக்குநரகத்தோட அட்டவணையில அதுக்கு எதிரே ஒரு வார்த்தை இருக்கும். நாம புரிஞ்சுக்க வேண்டியது மூணு வார்த்தைதான்:

தடையில்லாதது: லைசென்ஸ் வேண்டாம், அனுப்பலாம்.

கட்டுப்படுத்தப்பட்டது: லைசென்ஸ் வாங்கிட்டு, போட்ட நிபந்தனைப்படி அனுப்பலாம்.

தடைசெய்யப்பட்டது: கேக்கவே வேண்டாம், கிடையாது.

வெங்காய விவசாயிக்கும் பருத்தி விவசாயிக்கும் இந்த வார்த்தைகள் மாறினா என்ன ஆகும்னு நல்லாத் தெரியும். 2023 டிசம்பர்ல வெங்காயம் ஒரே ராத்திரியில தடைசெய்யப்பட்ட பட்டியலுக்குப் போச்சு, 2024 மே மாசம் திரும்பி வந்துச்சு. வெங்காயம் நாலு மாசப் பயிர், அடுத்த பட்டத்துல சமாளிக்கலாம். செம்மரம் நாலு மாசப் பயிர் இல்லையே. நடும்போது இருக்கிற வார்த்தை ஒண்ணு, வெட்டும்போது இருக்கிற வார்த்தை இன்னொண்ணு.

இரண்டாவது பூட்டு: சைட்டிஸ்

செம்மரத்துக்கு டெல்லிப் பூட்டு மட்டும் போதாதுன்னு உலகப் பூட்டு ஒண்ணும் இருக்கு. அழியும் நிலையில இருக்கிற விலங்கு, தாவரங்களை நாடு விட்டு நாடு விக்கிறதைக் கட்டுப்படுத்த 1973-ல வாஷிங்டன்ல ஒரு ஒப்பந்தம் போட்டாங்க. சைட்டிஸ்னு சுருக்கமாச் சொல்றது அதைத்தான். இந்தியா 1976-ல சேர்ந்துச்சு. அதுல மூணு பட்டியல் உண்டு. முதல் பட்டியல்ல இருந்தா வியாபாரமே கிடையாது. இரண்டாவதுல இருந்தா, அந்த இனத்துக்குக் கெடுதல் இல்லைன்னு ஏற்றுமதி பண்ற நாடு சான்று கொடுத்தா போகலாம். செம்மரம் 1995-ல இரண்டாவது பட்டியல்ல ஏறுச்சு.

அப்போ ஏத்தினது தப்பா? இல்லைன்னுதான் நான் சொல்லுவேன். வளர்ற இடமே நாலஞ்சு மாவட்டம், வைரம் பாயப் பல பத்து வருஷம், வாங்குறவன் கேக்கிறது மலையளவு. கட்டுப்பாடு இல்லாம விட்டிருந்தா இன்னேரம் மரப்பாச்சி பொம்மைக்குக்கூட கட்டை மிஞ்சியிருக்காது.

நம்ம நாட்டுச் சட்டம் இன்னும் ஒரு படி மேல போச்சு. காட்டுல இருந்து எடுத்தா ஏற்றுமதி பண்ணவே கூடாதுன்னு 29 செடி, மரங்களோட பட்டியல் ஒண்ணு வர்த்தகக் கொள்கையில இருக்கு. செம்மரமும் அதுல உண்டு. பயிர் பண்ணினதுக்கு மட்டும் விதிவிலக்கு. சட்டத்துல எழுதறப்போ "காட்டு மரம்", "பயிரிட்ட மரம்"னு பிரிக்கிறது ஈசி. வெட்டிப் போட்ட கட்டையைப் பார்த்து இது சேஷாசலத்துக் கட்டையா, நம்ம வரப்புக் கட்டையான்னு எப்படிப் பிரிக்கிறது? இங்கதான் விவசாயி மாட்டிக்கிட்டான். உண்மையா நட்டவனும் தன் மரம் திருட்டு மரம் இல்லைன்னு நிரூபிக்க வேண்டிய நிலை.

கிடங்குல இருந்த கட்டையும், காட்டுல விழுந்த உயிரும்

சட்டப்படி போற வழி குறுகினதும் சட்டத்துக்குப் புறம்பான வழி அகலமாச்சு. காட்டுல வெட்டி, லாரியில மறைச்சு, துறைமுகத்துல வேற சரக்குன்னு கணக்குக் காட்டி, கன்டெய்னர்ல அனுப்பினாங்க. பிடிபட்டது ஆயிரக்கணக்கான டன். அதெல்லாம் அரசுக் கிடங்குல, திருப்பதி பக்கம் மலையாட்டம் குவிஞ்சு கிடந்துச்சு.

இப்போ வரிசையைக் கவனிங்க. ஏற்றுமதிக்கு முதல்ல பெரிய அளவுல கதவு திறந்தது யாருக்கு? இந்தக் கிடங்குக்குத்தான். பிடிபட்ட கட்டையில 11,806 டன் வரைக்கும் ஒரு தடவை வித்துக்க சைட்டிஸ் கணக்குல இடம் கிடைச்சுது. 2013-ல மத்திய வர்த்தகத் துறை ஆந்திர அரசுக்கு எட்டாயிரத்துச் சொச்சம் டன் ஏற்றுமதிக்கு அனுமதி கொடுத்துச்சு. 2014 கடைசியில ஆந்திரா ஏலம் விட்டுச்சு. பல நூறு கோடி வந்துச்சு. பிடிச்ச மரத்துக்கு லைசென்ஸ் இருந்துச்சு. நட்ட மரத்துக்குப் பட்டியல்ல ஒரு மூலைதான் இருந்துச்சு.

அந்த ஏலம் முடிஞ்சு சில மாசம்தான். 2015 ஏப்ரல் 7 விடியக்காலை, சேஷாசலம் காட்டுல ஆந்திர அதிரடிப் படை சுட்டதுல 20 பேர் செத்துப்போனாங்க. எல்லாரும் தமிழ்நாட்டுக்காரங்க. திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டத்து ஏழை ஜனங்க, அதுல மலைக்கிராமத்து ஆளுங்க நிறைய. தற்காப்புக்காகச் சுட்டோம்னு போலீஸ் சொல்லுச்சு. பஸ்ல இருந்து இறக்கிக் கூட்டிட்டுப் போய்ச் சுட்டாங்கன்னு குடும்பத்துக்காரங்க சொன்னாங்க. தேசிய மனித உரிமை ஆணையம் வரைக்கும் போச்சு.

மரம் வெட்டப் போனது சரின்னு நான் சொல்ல வரலை. ஒரு நாள் கூலியை விடப் பல மடங்கு பணம் தர்றேன்னு தரகன் கூப்பிட்டா, மழை இல்லாத வருஷத்துல மலைக்கிராமத்து ஆள் என்ன முடிவு எடுப்பார்னு விவசாயம் பண்றவனுக்குப் புரியும். அதே கட்டை கிடங்குல இருந்து ஏலத்துல போனா அரசு வருமானம், காட்டுல இருந்து தோள்ல போனா உயிர் போகுது. கன்டெய்னருக்குச் சொந்தக்காரன் எத்தனை பேர் அந்த மாதிரி விழுந்தான்? இந்தக் கேள்விக்கு அன்னிக்கும் பதில் இல்லை, இன்னிக்கும் இல்லை.

விவசாயி முறை வந்தபோது

2019 பிப்ரவரியில வர்த்தகத் துறை கொள்கையைத் திருத்தி, தனியார் நிலத்துல பயிரிட்ட செம்மரத்தைக் கட்டையாவே ஏற்றுமதி பண்ண வழி விட்டுச்சு. நட்டவங்களுக்கு நல்ல சேதிதான். ஆனா பயிரிட்ட செம்மரத்துக்கு நாடு முழுக்க வருஷத்துக்கு 310 டன்னுன்னு ஒரு அளவு இருந்துச்சு. பத்து டன் லாரின்னு கணக்குப் போட்டுப் பாருங்க, 31 லாரி! தமிழ்நாடு, ஆந்திரா, கர்நாடகா எல்லாத்துக்கும் சேர்த்து ஒரு வருஷத்துக்கு. ஏக்கருக்கு நானூறு கன்னுன்னு விக்கிறவர் இந்த 31 லாரிக் கணக்கைச் சொல்றாரா?

அந்த 31 லாரிக்குள்ள நம்ம லாரி வரணும்னா எத்தனை வாசல் ஏறணும்னு வரிசையாப் பார்ப்போம்.

முதல் வாசல், வி.ஏ.ஓ ஆபீஸ். பட்டா, சிட்டா, அடங்கல். மரம் நம்ம சர்வே நம்பர்ல இருக்குன்னு அடங்கல்ல ஏறியிருக்கணும்.

இரண்டாவது, வனத்துறை. வனச்சரகர் வந்து மரத்தை எண்ணி, அளந்து பார்த்து, மாவட்ட வன அலுவலர் அனுமதி கொடுத்தாத்தான் வெட்டலாம். வெட்டின கட்டையில சுத்தியல் முத்திரை விழணும். லாரியில ஏத்தணும்னா தனியா போக்குவரத்து பர்மிட்.

மூணாவது, பயிரிட்ட மரம்தான்னு வனத்துறை கொடுக்கிற சான்று. காட்டு மரம் இல்லைங்கிறதுக்கு நம்ம கையில இருக்கிற ஒரே ஆதாரம் இதுதான்.

நாலாவது, டெல்லி. ஏற்றுமதி பண்றவர் பேர்ல ஐ.இ.சி நம்பர் இருக்கணும். கட்டுப்படுத்தப்பட்ட பொருளுக்கான லைசென்ஸுக்கு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்துக்கு விண்ணப்பம் போகணும்.

அஞ்சாவது, சைட்டிஸ் பர்மிட். அது வாங்கின ஆறு மாசத்துக்குள்ள சரக்கு போயாகணும், இல்லைன்னா செல்லாது.

ஆறாவது, துறைமுகம். சுங்கத்துறையும் வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பிரிவும் கட்டையைப் பார்த்து, காகிதத்தோட ஒத்துப்போனா கப்பல் ஏறும்.

இந்த ஆறு வாசல்ல விவசாயி பேர் மூணோட முடிஞ்சுபோகுது. நாலாவதுல இருந்து ஏற்றுமதிக்காரர் பேர்தான். அஞ்சு ஏக்கர் வெச்சிருக்கிறவர் டெல்லிக்கு விண்ணப்பம் போட்டுட்டு உக்கார முடியாது. அதனால லைசென்ஸ் இருக்கிறவர் சொல்றதுதான் விலை. அவர் கையில காகிதம், நம்ம கையில கட்டை. கட்டையை வெட்டிட்டா பேரம் பேசுற பலம் முழுக்க அவர் பக்கம் போயிடும். கரும்பை வெட்டிட்டு ஆலை வாசல்ல நிக்கிற நிலைமை மாதிரிதான்.

இப்போ எங்க நிக்குது?

2022-ல வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தினாங்க. சைட்டிஸ் விதிகளுக்குன்னே அதுல தனி அத்தியாயம் சேர்ந்துச்சு. அது வரைக்கும் வர்த்தகத் துறை கொள்கையை வெச்சே ஓட்டிட்டு இருந்தது, இப்போ நாட்டுச் சட்டத்துக்குள்ளயே வந்துடுச்சு.

2023 நவம்பர்ல ஜெனீவாவுல நடந்த சைட்டிஸ் நிலைக்குழுக் கூட்டத்துல ஒரு நல்லது நடந்துச்சு. 2004-ல இருந்து இந்தியச் செம்மரம் ஒரு தனிக் கண்காணிப்புப் பட்டியல்ல இருந்தது. உங்க ஏற்றுமதியால மரம் அழியுதான்னு சந்தேகத்தோட பார்க்கிற பட்டியல். கிட்டத்தட்ட இருபது வருஷத்துக்குப் பிறகு அதுல இருந்து இந்தியாவை எடுத்தாங்க. பயிர் பண்ற விவசாயிகளுக்கு இது உதவும்னு மத்திய அரசு சொல்லுச்சு. ஆனா ஒண்ணை மறந்துடக் கூடாது. இரண்டாவது பட்டியல்ல இருந்து மரம் இறங்கலை. பர்மிட் இன்னும் வேணும். பத்திரிகையில "செம்மர ஏற்றுமதிக்குத் தடை நீங்கியது"ன்னு தலைப்பைப் பார்த்துட்டு கன்னு வாங்க ஓடினவங்க உள்ளே எழுதியிருந்ததைப் படிக்கலை.

இன்னொரு சேதி நம்ம பக்கத்துது. 2002-ல வந்த பல்லுயிர்ச் சட்டத்துப்படி, இந்த மாதிரி மரத்தை வாங்கி லாபம் பார்க்கிறவங்க அதுல ஒரு பங்கைத் திருப்பிக் கொடுக்கணும். செம்மரம், சந்தனம் மாதிரி விலை உயர்ந்ததுக்கு ஏலத்தொகையில 5 சதவீதத்துக்குக் குறையாம முன்கூட்டியே கட்டணும்னு 2014 விதி சொல்லுச்சு. அந்தப் பணம் சென்னையில இருக்கிற தேசிய பல்லுயிர் ஆணையத்துக்குப் போகும். பெரும்பகுதி வனத்துறைகளுக்குத்தான் போச்சு. 2025-ல முதல் தடவையா, திருவள்ளூர் மாவட்டத்துல செம்மரம் வளர்த்த 18 விவசாயிகளுக்கு 55 லட்ச ரூபாய் கொடுத்தாங்க. தலைக்குச் சராசரியா 3 லட்சம். தொகை பெருசா சின்னதாங்கிறதை விட, "இந்த மரத்தை வளர்த்தது இவர்"னு ஒரு அரசு ஆவணத்துல விவசாயி பேர் ஏறுச்சு பாருங்க, அதை நான் பெருசா நினைக்கிறேன்.

என் கருத்து

வரலாற்றைப் பார்த்தா ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வருது. கம்பெனிக் காலத்துல லாபம் கப்பல்காரனுக்கு. வனச் சட்டத்துக்கு அப்புறம் காட்டுக் கட்டை அரசாங்கத்துக்கு. லைசென்ஸ் வந்தப்போ டெல்லியில ஆள் வெச்சிருந்தவனுக்கு. கடத்தல் பெருகினப்போ கன்டெய்னர்காரனுக்கு. பிடிபட்ட கட்டை ஏலம் போனப்போ கஜானாவுக்கு. நட்டவன் பேர் கடைசியா, அதுவும் மூணாவது வாசலோட நின்னுபோச்சு.

கட்டுப்பாடே வேண்டாம்னு கேக்கிறதுல எனக்கு உடன்பாடு இல்லை. சேஷாசலம் மொட்டையானா நம்ம வரப்பு மரத்துக்கும் விதை கிடையாது. நாம கேக்க வேண்டியது வேற. நட்ட அன்னிக்கே பதிவு பண்ற ஏற்பாடு ஒழுங்கா இருக்கணும். அந்தப் பதிவே இருபது வருஷம் கழிச்சுப் பயிரிட்ட மரம்ங்கிறதுக்குச் சான்றா செல்லணும். ஏற்றுமதி லைசென்ஸ் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் பேர்ல, கூட்டுறவுச் சங்கங்கள் பேர்ல கிடைக்கணும். பத்துப் பதினைஞ்சு ஊர்க்காரங்க கட்டையை ஒண்ணாச் சேர்த்து ஏலம் விட்டா, லைசென்ஸ்காரர் நம்மைத் தேடி வருவார். சந்தனத்துக்குச் செஞ்ச திருத்தத்துக்கு 200 வருஷம் ஆச்சு. செம்மரத்துக்கு அவ்வளவு காத்திருக்க முடியாது, ஏன்னா 2000-ஐ ஒட்டி நட்ட மரமெல்லாம் இப்போ வைரம் பாய்ஞ்சு நிக்குது.

நடப்போறவங்களுக்கு நான் சொல்றது இதுதான்:

முழு நிலத்தையும் செம்மரமாக்காதீங்க. வரப்பு, வேலியோரம், ஒண்ணுக்கும் ஆகாத கரம்பு, அங்க வைங்க. சோறு போடுற நிலத்துல சோறு விளையட்டும்.

நட்ட வருஷமே வி.ஏ.ஓகிட்ட அடங்கல்ல ஏத்துங்க. எத்தனை மரம், எந்த சர்வே நம்பர்னு தெளிவா இருக்கட்டும். கன்னு வாங்கின நர்சரி ரசீதைப் பத்திரத்தோட சேர்த்து வைங்க. அந்தத் துண்டுச் சீட்டு ஒரு நாள் லாரியை விட கனமா இருக்கும்.

நல்ல மண்ணு, நிறைய தண்ணின்னு வளர்த்தா மரம் சீக்கிரம் பருக்கும், வைரம் அந்த வேகத்துல பாயாது. வெளிநாட்டுக்காரன் வாங்குறது வைரத்தை, பருமனை இல்லை.

அனுமதி கையில வராம ஒரு கிளையைக்கூட வெட்டாதீங்க. யாராவது அட்வான்ஸ் கொடுத்து, "பேப்பரெல்லாம் நாங்க பாத்துக்கறோம்"னு சொன்னா, அந்தப் பேப்பர்ல யார் பேர் இருக்கும்னு முதல்ல கேளுங்க. பிடிபட்டா அடங்கல்ல இருக்கிற பேர் நம்மளுது.

செம்மரம் நல்ல மரம். கெட்டது மரத்துல இல்லை, அதோட பாதையில. அந்தப் பாதையில எத்தனை பூட்டு, சாவி யார்கிட்டன்னு தெரிஞ்சுகிட்டு நடுறவன் ஏமாற மாட்டான். உங்க ஊர்ல யாராவது ஆறு வாசலையும் தாண்டி வித்திருந்தா, அவங்ககிட்ட உக்காந்து பேசி, நடந்ததை நடந்தபடியே எழுதி வைங்க. அடுத்து நடுறவனுக்கு நர்சரி நோட்டீஸை விட அது உதவும்.